கேபிளா, டிஷ்ஷா?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இலக்கியம் பேசியிருக்கிறார்கள், வரலாறு பேசியிருக்கிறார்கள். நான் இன்றைக்குப் பேசப்போவது உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிற ஒரு சாமானைப் பற்றி. தவணை கட்டியோ, தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்தோ ஒரு எச்.டி. டிவி வாங்கிவிட்டோம். அட்டைப்பெட்டியைப் பிரித்தாயிற்று, சுவரில் மாட்டியாயிற்று. அடுத்தது என்ன? கேபிள் போடுவதா, டிஷ் வைப்பதா? கடைக்காரர் ஒன்று சொல்கிறார். கேபிள்காரர் ஒன்று சொல்கிறார். மாமா ஒன்று சொல்கிறார், மச்சான் ஒன்று சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு மின்னணுவியல் நடத்தியவன் நான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் என்னிடம் இதைத்தான் கேட்பார். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் பொருந்துகிற ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஆனால் உங்கள் தெருவுக்கு ஒரு பதில் உண்டு, உங்கள் மொட்டை மாடிக்கு ஒரு பதில் உண்டு. அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு நினைப்பை மாற்றிக்கொள்வோம். கேபிள் என்றால் தரை வழி, டிஷ் என்றால் வான் வழி என்று நினைக்கிறோம். அப்படியா? உங்கள் ஊர்க் கேபிள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். மொட்டை மாடியில் ஓர் ஆளைவிடப் பெரிய டிஷ்கள் வரிசையாக நிற்கும். அவையும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சானல்காரர் அனுப்புகிற படம் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து அந்தப் பெரிய டிஷ்ஷில் இறங்கி, ஃபைபர் வழியாகத் தெருவுக்கு வந்து, ஒயர் வழியாக உங்கள் வீட்டுக்குள் நுழைகிறது. வீட்டு டிஷ்ஷுக்குப் படம் தருகிற டிடிஎச் நிறுவனமும் பெரும்பாலும் இதே மாதிரி பெரிய டிஷ்ஷில்தான் பிடிக்கிறது. பிடித்த சானல்களையெல்லாம் சுருக்கி, ஒன்றாகக் கட்டி, இன்னொரு முறை வானத்துக்கு ஏற்றி, அங்கிருந்து நேராக உங்கள் வீட்டு டிஷ்ஷுக்கு இறக்குகிறது.

ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீருக்கும் நம் வீட்டு போர்வெல் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. பல ஊர்களில் தண்ணீர் இரண்டுமே நிலத்தடித் தண்ணீர்தான். ஒன்றை யாரோ ஒருவர் இறைத்துத் தெருத்தெருவாக அனுப்புகிறார். இன்னொன்றை நாமே இறைத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கடைசி வழியில் இருக்கிறது. தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒயரில் இருக்கிறது. மேகத்திலிருந்து மாடிக்கு வருகிற அந்தச் சில கிலோமீட்டர் காற்றில் இருக்கிறது. 36,000 கிலோமீட்டரைப் பத்திரமாகக் கடந்து வந்த படம், கடைசி வழியில்தான் கெடுகிறது. ஆகவே நண்பர்களே, நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கடைசி வழியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டிஷ்ஷின் கடைசி வழியை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய எதிரி யார்? மழை. "நாலு தூறல் போட்டால் டிஷ் படுத்துவிடும்" என்று கேபிள்காரர் சொல்வார். "மழையெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று டிஷ் விற்பவர் சொல்வார். இரண்டையுமே அப்படியே நம்ப முடியாது. உண்மை என்ன?

வீட்டு டிஷ்ஷுக்கு வருகிற அலைக்கு கேயூ பேண்ட் என்று பெயர். 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் வருவது. அதன் அலைநீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். கண்ட்ரோல் ரூமில் இருக்கிற பெரிய டிஷ்கள் பிடிப்பது பெரும்பாலும் சி பேண்ட். அதன் அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். அலை நீளமாக இருந்தால் மழைத்துளி அதை அதிகம் தொந்தரவு செய்யாது. அலை குட்டையாகக் குட்டையாக, துளிகள் அதைக் குடித்துவிடும், சிதறடித்துவிடும். அதனால்தான் வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டும்போதும் கேபிள் வீட்டில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டில் 'சிக்னல் இல்லை' என்று திரையில் எழுத்து வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூறலுக்குப் படம் போகாது, மிதமான மழைக்கும் போகக் கூடாது. திரண்ட மேகம் தலைக்கு மேலே வந்து நின்று கொட்டுகிறதே, அந்த நேரத்துக்குத்தான் போகும். மேகம் நகர்ந்தால் படம் வந்துவிடும். நம் ஊருக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன, நாமோ அந்த ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆகவே நம் டிடிஎச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை அடிவானத்திலிருந்து 60 டிகிரிக்கும் மேலே, கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே இருக்கின்றன. டெல்லிக்கு அவை இன்னும் தாழ்வாகத் தெரியும், அலை மழைக்குள் இன்னும் சாய்வாக, இன்னும் நீளமாகப் பயணம் செய்ய வேண்டும். நமக்கு அது குறைவு.

அசௌகரியமும் ஒன்று உண்டு. நமக்கு மழை எப்போது? ஐப்பசியில், கார்த்திகையில். தீபாவளி எப்போது? அதே ஐப்பசியில். திரைக்கு வந்து சில மாதங்களே ஆன புதுப்படத்தை எந்தச் சாயங்காலம் போடுகிறார்களோ, அதே சாயங்காலம்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. பண்டிகை நாளில் வீடு நிறைய உறவினர்களை வைத்துக்கொண்டு இருட்டுத் திரையைப் பார்த்த குடும்பம், அதற்குப் பிறகு டிஷ்ஷை நம்புவதே இல்லை.

ஆனால் அந்தக் குடும்பத்தின் மாடிக்கு ஏறிப் பார்த்தால் பல இடங்களில் வேறு கதை தெரியும். டிஷ்ஷின் தண்டில் துணி காயப்போடும் கொடியைக் கட்டியிருப்பார்கள். ஈரப் போர்வையின் கனத்தில் டிஷ் லேசாகத் திரும்பியிருக்கும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை வெறும் மூன்று டிகிரி அகலம்தான். ஒரு டிகிரி திரும்பினால் வெயில் நாளில் ஒன்றும் தெரியாது, படம் கண்ணாடி மாதிரி ஓடும். ஏனென்றால் டிஜிட்டல் படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவது என்பது கிடையாது. போதுமான சிக்னல் இருக்கிற வரைக்கும் முழுப் படம் வரும். அந்த அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் நின்றுவிடும். மழைக்காகக் கையிருப்பில் இருக்க வேண்டிய சிக்னலைத் துணிக்கொடி தின்றுவிட்டது. பழி மட்டும் மழைமீது விழுந்துவிட்டது!

டிஷ் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டுக்குப் போய் ஒரு காரியம் செய்யுங்கள். ரிமோட்டில் மெனுவுக்குள் போனால் சிக்னல் ஸ்ட்ரென்த் என்றும் சிக்னல் குவாலிட்டி என்றும் இரண்டு பட்டைகள் தெரியும். ஸ்ட்ரென்த்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிஷ் தப்பான திசையைப் பார்த்தாலும் அது நிறைந்திருக்கும். குவாலிட்டியைத்தான் பார்க்க வேண்டும். வானம் வெளுத்திருக்கிற நாளில் அது எவ்வளவு இருக்கிறது என்று குறித்துவையுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் மழைக்காலத்துக்கு முன்பே ஆளைக் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்பி, நட்டை முறுக்கி, டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டியிருக்கிற எல்.என்.பி. முனையில் பச்சை பிடித்த கனெக்டரை மாற்றிவிடுங்கள். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்தக் கனெக்டரை அரித்துவிடும். 60 சென்டிமீட்டருக்குப் பதிலாக 90 சென்டிமீட்டர் டிஷ் வைக்க முடிந்தால் அது பிடிக்கிற பரப்பு இரண்டே கால் மடங்கு. மழைக்கு அதுதான் நல்ல மருந்து.

டிஷ் வைக்க வானம் தெரிய வேண்டும். எந்தப் பக்கத்து வானம்? தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இந்தச் செயற்கைக்கோள்கள் எல்லாம் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில்தான் இருக்கின்றன. அடுக்குமாடியில் உங்கள் பால்கனி வடக்கு பார்த்தோ மேற்கு பார்த்தோ இருந்தால் அங்கே டிஷ் வைத்துப் பயனில்லை, மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் மாடியில் துளை போட விடுவாரா? அங்கிருந்து மூன்று மாடி ஒயர் இறக்க இடம் உண்டா? தென்கிழக்கில் ஒரு தென்னை நிற்கிறதா, இன்றைக்கு மட்டை படாவிட்டாலும் நாளைக்குப் படுமா? முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவை.

சரி, கேபிளுக்கு வருவோம். கேபிளின் கடைசி வழி எது? கம்பத்தில் வருகிறது, மரக்கிளையில் உரசி வருகிறது, மாடிப்படிக்கு அடியில் நுழைகிறது. அந்த மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன உலோகப் பெட்டி தொங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்பிளிட்டர் என்பார்கள். ஒரு ஒயரை இரண்டாக, நான்காகப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். மாடிக்கு ஒரு குடும்பம் புதிதாகக் குடிவந்தால் இன்னொரு ஸ்பிளிட்டர். அதற்கு மேல் இன்னொன்று. கனெக்டர் போடாமல் செம்புக் கம்பியை உரித்து முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய இணைப்புகளையும் பார்த்திருக்கிறேன். அதில் மழைநீர் இறங்கினால் போதும். கேபிளுக்கு மழை பகை இல்லை என்று சற்றுமுன் சொன்னேன். வானத்து மழைதான் பகை இல்லை, ஒயருக்குள் இறங்குகிற மழை பெரும் பகை.

இன்னொரு விஷயம் மின்சாரம். கோஆக்சியல் என்கிற பழைய ஒயர் ஓடுகிற தெருக்களில் வழிநெடுக ஆம்பிளிஃபயர்கள் இருக்கும். அவற்றுக்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம், விளக்கும் விசிறியும் ஓடலாம். ஆனால் அடுத்த தெருவில் கரண்ட் போய், அங்கிருக்கிற ஆம்பிளிஃபயருக்கு பேட்டரி இல்லையென்றால் உங்கள் படம் நின்றுவிடும். டிஷ் வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. வானத்தில் இருக்கிற செயற்கைக்கோள் சூரிய ஒளியில் ஓடுகிறது. உங்கள் இன்வெர்ட்டர் உள்ளவரை உங்களுக்குப் படம் உண்டு. வீடு வரைக்கும் ஃபைபர் இழுத்துவிட்ட ஆபரேட்டர்களிடம் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே உங்கள் கேபிள்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "அண்ணே, நம்ம வீட்டு வரைக்கும் ஃபைபர் வருதா, இல்ல பழைய ஒயர்தானா?"

புயல் வந்தால்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்ததே, அந்த நாளை நினைத்துப் பாருங்கள். மரங்கள் சாய்ந்தன, அவற்றோடு ஒயர்களும் அறுந்தன. டிஷ்களும் திரும்பிப்போயின. டிஷ்ஷைத் திருப்பிவைக்க ஓர் ஆள் போதும். அறுந்த ஒயரை இழுக்கத் தெருவே சரியாக வேண்டும். ஆனால் அந்த டிஷ்ஷைத் திருப்ப ஆள் எப்போது வருவார்? கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்து, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, புகார் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கேபிள்காரர் நம் தெருவிலேயே இருப்பவர். மாதம் பிறந்தால் பணம் வாங்க வருகிறவர். கையில் இல்லை என்றால் "அடுத்த வாரம் தாங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவர். டிடிஎச்-இல் ரீசார்ஜ் முடிந்தால் முடிந்ததுதான், படம் நின்றுவிடும். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமே இல்லை. படம் நின்றால் மாடிப்படி ஏறி வந்து பார்க்க ஒரு மனிதர் இருக்கிறாரா என்பது, எச்.டி. சானல் எத்தனை என்பதைவிட அந்த வீட்டுக்கு முக்கியம்.

இன்னொன்றையும் கேபிள்தான் தருகிறது. உள்ளூர்ச் சானல். ஊர்க்கோயில் தேரோட்டம், குடமுழுக்கு, பள்ளி ஆண்டு விழா, குடிதண்ணீர் வராத செய்தி, இதெல்லாம் எந்தச் செயற்கைக்கோளிலும் ஏறாது. மதுரைக்காரர்கள் சித்திரைத் திருவிழாவைக் கூட்டத்தில் நசுங்காமல் வீட்டிலிருந்து பார்ப்பதில் உள்ளூர்க் கேபிளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு நல்லது இருந்தும் கேபிள் என்றால் மங்கல், டிஷ் என்றால் தெளிவு என்று ஏன் ஒரு பேச்சு நம்மிடம் நிலைத்துவிட்டது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய கேபிள் அனலாக் கேபிள். அதில் எச்.டி. அனுப்பவே வழி கிடையாது. 2003 செப்டம்பரில் சென்னையில் செட்டாப் பாக்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்தபோது மக்கள் அதை வரவேற்கவில்லை. பெட்டிக்குப் பணமா என்று பலரும் ஒதுங்கினார்கள். அதற்குப் பிறகுதான் டிஷ்கள் மாடிகளில் பூத்தன. 2006 ஆகஸ்டில் டாடா ஸ்கை வந்தது, 2007 டிசம்பரில் சன் டைரக்ட் வந்தது. அவை முதல் நாளிலிருந்தே டிஜிட்டல். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒன்று புள்ளி புள்ளியாகவும் ஒன்று பளிச்சென்றும் தெரிந்தால் ஊர் என்ன பேசும்? 2011 டிசம்பரில் சன் டிவி, கே டிவி எல்லாம் எச்.டி.யில் வந்தபோது அதைப் பார்க்க டிஷ்தான் வழி என்கிற நிலைமை பெரும்பாலான ஊர்களில் இருந்தது.

அதே 2011-இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டது. பெருநகரங்களில் கேபிள் டிஜிட்டலுக்கு மாற 2012 அக்டோபர் 31 என்று கெடு வைத்தார்கள். சென்னையில் அது நீதிமன்றத்துக்குப் போய் இழுத்தது. மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் கொடுத்த அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து வீடு வீடாகப் பெட்டி போயிற்று. ஆக, கேபிள் முழுமையாக டிஜிட்டல் ஆனபோது டிஷ் தமிழ்நாட்டு மாடிகளில் பத்தாண்டுக்கு மேல் பழகிவிட்டிருந்தது. அந்தக் காலத்து அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு முடிவு செய்யலாமா?

நியாயமாகப் பார்த்தால் எச்.டி.க்குக் கேபிளில் இடம் அதிகம். கேபிளில் 47 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இடம் இருக்கிறது. எட்டு எட்டு மெகாஹெர்ட்ஸாகப் பிரித்தால் நூறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் பல சானல்கள் உட்காரலாம். செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் என்கிற அறைகள் குறைவு, வாடகையும் அதிகம். ஆகவே நெருக்கி உட்காரவைக்கத் தோன்றும். நெருக்கினால் என்ன ஆகும்? பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது புல்தரை குழம்பும். நடனக் காட்சியில் முகங்கள் கரையும். ஆனால் கேபிளில் இடம் இருக்கிறது என்பதால் மட்டும் உங்கள் ஆபரேட்டர் அதை நல்லபடியாகப் பயன்படுத்துகிறார் என்று ஆகிவிடாது. அதற்கு அவர் கண்ட்ரோல் ரூமில் பணம் போட்டிருக்க வேண்டும். சிலர் போட்டிருக்கிறார்கள். சிலர் கணக்குக்குச் சில எச்.டி. சானல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழுதே வராத வழி எது என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டது. அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மீசாட்-3 என்கிற வேறு செயற்கைக்கோளுக்குப் போனார்கள். அது நிற்கிற இடம் வேறு என்பதால் வீட்டு டிஷ்களையும் திருப்ப வேண்டிவந்தது. 2022 நவம்பரில் அரசு கேபிள் பெட்டிகள் பல மாவட்டங்களில் செயலிழந்தன. மென்பொருள் தகராறு. வானமும் தெளிவாக இருந்தது, ஒயரும் நன்றாக இருந்தது, படம் மட்டும் வரவில்லை. ஆகவே, ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று யார் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள். மாதாமாதம் கட்டுகிறவருக்கு மாறிக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதுகிற இடத்துக்கு வருகிறேன். கேபிளோ, டிஷ்ஷோ, எச்.டி. டிவி வைத்திருக்கிற நாம் எச்.டி. படம் பார்க்கிறோமா? என் மனதை உறுத்துகிற கேள்வி இது. எத்தனையோ வீடுகளில் முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய டிவியின் பின்னால் எட்டிப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் செருகியிருக்கும். பழைய டிவிக்குச் செருகியது, அப்படியே எடுத்துப் புது டிவியில் செருகிவிட்டார்கள். தாய்மார்களே, அந்த மஞ்சள் ஒயரில் எச்.டி. வராது. எச்.டி. பெட்டியே இருந்தாலும் வராது, எச்.டி. சானலுக்கே பணம் கட்டினாலும் வராது. எச்.டி.எம்.ஐ. என்கிற தட்டையான முனையுள்ள ஒயரைத்தான் செருக வேண்டும். அந்த ஒரு ஒயரை மாற்றியதும் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "இந்தப் பொண்ணு மூக்குத்தியே இப்பத்தான் தெரியுது" என்று சொன்ன வீடு எனக்குத் தெரியும். காசு கொடுத்தது அந்தக் குடும்பம். அந்த மூக்குத்தி தெரிய வேண்டாமா?

ஒயர் சரி, பெட்டி சரியா? அரசு கொடுத்ததோ, ஆபரேட்டர் இலவசமாகக் கொடுத்ததோ, பெரும்பாலும் சாதாரணப் பெட்டிதான். எச்.டி. பெட்டியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெட்டி சரி, சானல் சரியா? ஒரே சானல் இரண்டு எண்ணில் வரும், ஒன்று சாதாரணம், ஒன்று எச்.டி. கை பழகிய எண்ணையே அழுத்திக்கொண்டிருப்போம். சாதாரணப் படத்தில் 576 வரிகள், எச்.டி.யில் 1080. உங்கள் டிவி 32 அங்குலமாக இருந்து, நீங்கள் எட்டடி தள்ளி உட்காருகிறவராக இருந்தால், இந்த வித்தியாசம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதற்காகக் கூடுதல் பணம் கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 43 அங்குலத்தை எட்டடியில் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். 55 அங்குலத்தில் சாதாரணச் சானலைப் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 பிப்ரவரி 1 முதல் டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த முறைப்படி, வேண்டிய சானலை மட்டும் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு என்று அப்போது உச்சவரம்பு வைத்தார்கள். 2024-இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், ஆகவே இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் விசாரிக்க வேண்டும். சானல்களை எண்ணும்போது ஒரு எச்.டி. சானலை இரண்டாக எண்ணுகிறார்களா என்றும் கேளுங்கள். உங்கள் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஒரே சானலுக்குச் சாதாரணத்துக்கும் எச்.டி.க்கும் சேர்த்துப் பணம் போகிறதா? போனால் சாதாரணத்தை எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் மிச்சம். மாதக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்பீர்கள். நல்ல சேவை, எளியவர்களுக்குப் பெரிய துணை. ஆனால் நம் வீடுகள் தேடுகிற பெரிய தமிழ்க் கட்டணச் சானல்கள் அதில் இல்லை.

ஒரு குறையை இந்த மேடையிலிருந்து சொல்லியாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்துக்கு உதவுவதில்லை. செல்போன் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்கிறோம். செட்டாப் பாக்ஸை அப்படி மாற்ற முடியவில்லை. எந்த நிறுவனத்தோடும் சேருகிற பெட்டி வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. அது வீட்டுக்கு வந்து சேரவில்லை. அது வந்திருந்தால் இன்றைய தலைப்பே இவ்வளவு கனமாக இருந்திருக்காது. பிடிக்கவில்லை என்றால் ஒயரைக் கழற்றி மாற்றிச் செருகிக்கொண்டு போயிருப்போம். நுகர்வோர் அமைப்புகளில் இருக்கிறவர்கள் இந்த அவையில் இருந்தால், இதைக் கையில் எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஐயா, முடிவாக நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். நீலகிரியிலோ ஏற்காட்டிலோ எஸ்டேட் வீட்டில் இருக்கிறவர், வயல் நடுவில் தனி வீடு கட்டியிருக்கிறவர், இவர்களுக்கு யோசனையே வேண்டாம், டிஷ்தான். ஒயர் வராத இடத்திலும் வானம் வரும். அடிக்கடி கரண்ட் போகிற பகுதியில் இன்வெர்ட்டரோடு இருக்கிறவருக்கும் டிஷ்தான் நல்லது. நகரத்தில், வீடு வரைக்கும் ஃபைபர் கொடுத்து, எச்.டி. பெட்டியும் போதுமான எச்.டி. சானலும் தருகிற ஆபரேட்டர் இருந்தால் நான் கேபிளைத்தான் சொல்வேன். அதே ஒயரில் இன்டர்நெட்டும் வருமானால் இன்னும் நல்லது. வாடகை வீட்டில் இருந்து அடிக்கடி மாறுகிறவர்கள் கேபிள் போடுவது மேல், டிஷ்ஷைக் கழற்றி மாட்டுகிற செலவு மிச்சம்.

இதற்கு நடுவில் இருக்கிறவர்கள்தான் பெரும்பான்மை. உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் தெருவிலேயே கேபிள் இருக்கிற ஒரு வீட்டுக்கும், டிஷ் இருக்கிற ஒரு வீட்டுக்கும் போங்கள். நகரத்தில் கடையில் வைத்திருக்கிற காட்சி டிவியைப் பார்க்காதீர்கள், அதில் ஓடுவது பெரும்பாலும் பென்டிரைவில் ஏற்றிய படம். உங்கள் தெருவில், ராத்திரி எட்டு மணிக்கு, கிரிக்கெட் ஓடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். ஓடுகிற பந்தைப் பாருங்கள், கூட்டத்தில் இருக்கிற முகங்களைப் பாருங்கள். போன ஐப்பசியில் எத்தனை நாள் படம் போயிற்று என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். படம் போனபோது யார் வந்தார், எப்போது வந்தார் என்றும் கேளுங்கள். அந்த அம்மாவுக்குத் தெரியாத தொழில்நுட்பம் இதில் எதுவும் இல்லை.

நேரம் ஆகிவிட்டது. நூலகர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒன்றும், பழைய ஸ்பிளிட்டர் ஒன்றும், பச்சை பிடித்த கனெக்டர் ஒன்றும் கொண்டுவந்து இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து கையில் எடுத்துப் பாருங்கள், கேள்விகளைக் கேளுங்கள்.